க்யூஆர் கோடு புத்தகத்தில்... போன் யார் கையில்?

2018-ல் தமிழ்நாட்டின் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது. 'திக்‌ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ ஓடும். நல்ல விஷயம்தான். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்கு வரும். அப்போது டேட்டாவும் மிச்சம் இருக்கணும்.

இதற்கு வழி அந்தச் செயலியிலேயே இருக்கு. வீடியோவை ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால், நெட் இல்லாமலும் பார்க்கலாம். ஆசிரியர் அதை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம். அதற்கான திரை, ஸ்பீக்கர், இணைய வசதியைப் பள்ளிதான் தரணும். ஆசிரியரின் சொந்த போனையும் டேட்டாவையும் நம்பி நடத்தக் கூடாது.

அடுத்த செயலியை அறிமுகம் செய்வதற்கு முன், இருக்கிற வீடியோ வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கல்வித்துறை பார்க்கட்டும்.