குளிர் அறைக்கு முன்னால் ஒரு சூட்டுக் கணக்கு

மலைத்தோட்டத்து உழவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது குளிர் அறைப் பேச்சுதான். ஆரஞ்சோ, பட்டர் ஃப்ரூட்டோ, சீசனில் எல்லார் சரக்கும் ஒரே வாரத்தில் சேலத்துக்கு இறங்குகிறது. வியாபாரி சொல்வதுதான் விலை. பத்து நாள் வைத்திருந்து விற்க முடிந்தால் நாமும் விலை பேசலாம். ஆசை நியாயமானதுதான். தலைச்சோலையில் எனக்கும் அந்த ஆசை உண்டு.

ஆனால் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே காலம் கழித்தவன் நான். கட்டடம், இயந்திரம், தவணை எல்லாம் விலாவாரியாக எழுதியிருப்பார்கள். கரண்ட் பில்லுக்கு ஒரே ஒரு வரி இருக்கும். 2020ல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் சலுகை வட்டிக்குத்தான், மீட்டருக்குக் கிடையாது. பம்புசெட்டுக்குள்ள இலவச மின்சாரமும் குளிர் அறைக்கு வராது.

குளிர் அறை செய்யும் வேலை, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது. நாம் எவ்வளவு சூட்டை உள்ளே கொண்டுபோகிறோமோ அவ்வளவு பில். 1 டன் ஆரஞ்சை 30 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குக் கொண்டுவர, நல்ல இயந்திரம் சுமார் 8 யூனிட் கேட்கும். அதே பழம் 18 டிகிரியில் உள்ளே போனால் மூன்றரை யூனிட் போதும். மீதி நாலரை யூனிட்டை நம் மலை இரவு சும்மாவே தருகிறது. பனி ஈரத்தோடு ஆரஞ்சைப் பறித்தால் தோலில் புள்ளி விழும். அதனால் ஈரம் காய்ந்தபின் பறித்து, நிழலில் சேர்த்து, ராத்திரி முழுக்கக் காற்றாடும் கொட்டகையில் கிரேட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, விடிகாலையில் அறைக்குள் ஏற்றுங்கள்.

அடுத்தது, தேவைக்கு மேல் குளிர் வைக்காதீர்கள். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். காய்ப்பதத் தக்காளி 10க்குக் கீழே போனால் பிறகு சரியாகப் பழுக்காது. காசும் போய்ச் சரக்கும் போகும். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். வாசலில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கட்டும். வெளியே சூட்டைத் தள்ளும் கண்டன்சரில் தூசியும் சருகும் அடையாமல் பாருங்கள். அறை மரநிழலில் இருக்கட்டும். சோலார் பலகை மட்டும் வெயிலுக்குப் போகட்டும். பகல் சோலாரில் ஐஸாக உறையவைத்து இரவுக்குக் குளிரைச் சேமிக்கும் அறைகளும் வந்துவிட்டன. பேட்டரிச் செலவு மிச்சம்.

100 கிலோ அளவில் விற்பவருக்கு இயந்திரமே வேண்டாம். டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த செங்கல் தொட்டி இருக்கிறது. இரட்டைச் சுவர், நடுவில் மூணு அங்குல இடைவெளியில் ஆற்றுமணல், காலை மாலை தண்ணீர். கோடையில் உள்ளே நன்றாகக் குளிரும். எங்கள் மலையில் மூடுபனிக் காலத்தில் இது எடுபடாது, காற்றே ஈரமாக இருக்கும். சேலம், தர்மபுரி சமவெளிக்காரர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

வெளி இடுபொருளைக் குறைக்கத்தான் இயற்கை வழிக்கு வந்தோம். கரண்டும் வெளி இடுபொருள்தான். உரக்கடைக்குக் கட்டியதை மின்வாரியத்துக்கு மாற்றிக் கட்டுவதற்கா இத்தனை பாடு?

உழவர் குழுக்கள் கடன் மனு எழுதும் முன் கிலோவுக்கு எத்தனை பைசா கரண்ட் என்று எழுதிப் பாருங்கள். பத்து நாள் காத்திருந்தால் கூடுதலாக வரும் விலை அதைத் தாண்டினால் கையெழுத்துப் போடுங்கள். தாண்டாவிட்டால் முதலில் கொட்டகையைக் கட்டுங்கள். அறை பிறகு வரட்டும். உழவர் குழு நடத்தும் சிறு குளிர் அறைக்குத் தனியாகக் குறைந்த மின்கட்டணம் வேண்டும் என்று நம் இயக்கமும் குரல் கொடுக்கவேண்டும்.