தூண்டிலுக்கு முன்னே துடுப்பு

"எனக்கு ஓரளவு நீச்சல் தெரியும். கயாக்கில் மீன் பிடிக்கப் போகலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். போகலாம். ஆனால் என் கேள்வி வேறு: கவிழ்ந்தால், நீரில் இருந்தபடியே மறுபடி ஏறத் தெரியுமா?

தொடங்குவதற்கு போர்ட்டிக்சன் பக்கம் நல்லது. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு கரைகளைப் புரட்டும்போதும் மேற்குக்கரை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். 'சிட்-ஆன்-டாப்' எனும் மேலே உட்காரும் கயாக்கை வாடகைக்கு எடுங்கள். உள்ளே வரும் நீர் துளை வழியே தானே வடிந்துவிடும். முதல் சில முறை தூண்டிலே வேண்டாம். உயிர்காப்பு அங்கியோடு, நெஞ்சளவு நீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். காலை உதைத்து, வயிற்றால் தவழ்ந்து ஏறுங்கள். கரையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் மனைவி அதைப் படமே எடுத்தார். பத்து முறை ஏறியதைப் பார்த்த பிறகுதான், "சரி, போய் வாங்க" என்றார்.

எல்லாரும் அலைக்குப் பயப்படுவார்கள். நான் பயப்படுவது காற்றுக்கு. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் கண்ணாடிபோல் இருக்கும், கயாக்கும் சுகமாக நகரும். திரும்பும்போதுதான் தோள் கணக்குக் கேட்கும். ஆகவே, கரையை ஒட்டியே செல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' புயற்காற்று அதிகாலையில் திடீரென்று வரும். மேற்கே மேகம் கறுத்த சுவராக எழுந்தால், மீன் இழுத்துக்கொண்டிருந்தாலும் நூலை வெட்டிவிட்டுக் கரை சேருங்கள். வானிலை அறிக்கை வாசிப்பது என் பிழைப்பு. கடலுக்குப் போகும் நாளில் அதை எனக்காக இன்னொரு முறை வாசித்துக்கொள்வேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கடுமையாக இருக்கும். புதியவர்களுக்கு அரைநிலா நாள்களே ஏற்றவை. நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் பக்கவாட்டில் கட்டவே கூடாது. ஓட்டம் இழுத்தால் அப்படியே சாய்த்துவிடும். முனையில்தான் கட்ட வேண்டும், உடனே அறுக்க ஒரு கத்தியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

லுக்குட் போன்ற ஆற்று முகத்துவாரங்களில், உயிர் இறாலுக்கு சியாக்காப் (நம் கொடுவா) வரலாம். செம்பிலாங்கும் வரும். அதன் முதுகிலும் இரு பக்கங்களிலும் விஷமுள் உண்டு. கயாக்கில் மீன் வந்து விழும் இடம் உங்கள் மடி. கறிக்கு எவ்வளவு ருசியானாலும், கையாளப் பழகும்வரை அதை உள்ளே தூக்காமல், நீரிலேயே விட்டுவிடுங்கள்.