தோத்தா... காரணம் நான் மட்டும்தான்!

ஜெயிச்சா 'நாங்க', தோத்தா 'அவங்க'... இதுதானே பாஸ் உலக வழக்கம்! இதை உல்டாவா பண்ணின ஒருத்தரைப் பத்தித்தான் இந்த வாரம்.

1944 ஜூன். இரண்டாம் உலகப் போர். ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸை மீட்க, நார்மண்டி கடற்கரையில் இறங்கத் திட்டம். முதல் நாள் மட்டும் ஒன்றரை லட்சம் வீரர்களுக்கு மேல். கப்பல், படகு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,000. நேச நாடுகளின் தலைமைத் தளபதி, அமெரிக்க ஜெனரல் ஐஸன்ஹோவர்.

எல்லாம் ரெடி. வானிலை மட்டும் வில்லன்!

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் பிளாக்சாட்னு ஒரு குட்டி ஊர். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்த்த மவ்ரீன் ஃபிளாவின், ஜூன் 3 அதிகாலையில் காற்றழுத்தம் சரசரன்னு இறங்குறதைக் குறிச்சு அனுப்பினார். அன்னிக்கு அவருக்கு 21-வது பிறந்த நாள். 'இன்னொரு தடவை செக் பண்ணுங்க'ன்னு இங்கிலாந்தில் இருந்து போன். மறுபடி பார்த்தார். அதே ரீடிங்தான். தான் பார்த்தது எதுக்குப் பயன்பட்டதுன்னு அவருக்குத் தெரிய வந்ததே 1956-லதான்!

புயல் வருதுன்னு தெரிஞ்சதும், ஜூன் 5-ல் நடக்க வேண்டிய தாக்குதல் ஒரு நாள் தள்ளிப்போச்சு. அப்புறம் வானிலை அதிகாரி ஸ்டாக் சொன்னார்: "6-ம் தேதி கொஞ்ச நேரம் காற்று அடங்கும்." விட்டால், கடல் ஏற்ற இறக்கம் சரியா அமைய ரெண்டு வாரம் காத்திருக்கணும். அதுக்குள்ள ரகசியம் வெளியே போயிட்டா? 'பாராசூட் வீரர்கள்ல பெரும்பாலானோர் திரும்ப மாட்டாங்க'ன்னு விமானப்படைத் தளபதி லீ-மல்லோரி வேற எச்சரிச்சிருந்தார். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, 'போகலாம்'னு முடிவெடுத்தார் ஐஸன்ஹோவர்.

அடுத்து அவர் செஞ்சதுதான் மேட்டர். தோத்துட்டா வெளியிட ஒரு குறிப்பை முன்கூட்டியே எழுதி வெச்சார். டென்ஷன்ல ஜூன் 5-க்குப் பதிலா ஜூலை 5-னு தேதி போட்டிருந்தார்! முதலில் 'படைகள் திரும்பப் பெறப்பட்டன'ங்கற மாதிரி எழுதினவர், அதை அடிச்சுட்டு, 'நான் படைகளைத் திரும்பப் பெற்றேன்'னு மாத்தினார். வீரர்கள் செய்ய முடிஞ்சதை எல்லாம் செஞ்சாங்க, குறை ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமேன்னு முடிச்சார். செயப்பாட்டு வினையை செய்வினையா மாத்தினதில் ஒரு தலைவனோட முதுகெலும்பே தெரியுது!

எதிர்ப்பக்கம் கதையே வேற. இந்த வானிலையில் யார் வரப்போறாங்கன்னு ஜெர்மன் தளபதி ரோமெல், மனைவியின் பிறந்த நாளுக்கு ஊருக்குப் போயிட்டார். தாக்குதல் தொடங்கியாச்சு. முக்கியமான டாங்கிப் படைகளை நகர்த்த ஹிட்லர் உத்தரவு வேணும். அவரோ தூக்கத்தில்! எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. அனுமதி வந்தப்போ பிற்பகல் ஆயிடுச்சு. பயமுறுத்தியே வேலை வாங்கினா, அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூட ஆள் இருக்காது.

அந்த ஒரே நாளில் நேச நாட்டு வீரர்கள் 4,400 பேருக்கு மேல் உயிரிழந்தாங்க. ஆனா, கரையைப் பிடிச்சாச்சு. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தா? ஜூன் 19-ல் அடிச்ச புயல், ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கர்கள் அமைச்ச செயற்கைத் துறைமுகத்தையே சிதைச்சுப் போட்டுடுச்சு!

அந்தக் குறிப்புக்கு வேலையே வரலை. பர்ஸில் கிடந்த அந்தத் துண்டுக் காகிதத்தை அவரோட உதவியாளர் பத்திரப்படுத்தினார்.

சிம்போசியம் சொதப்பினா 'ஸ்பான்சர் கிடைக்கலை', 'ஜூனியர்ஸ் வரலை', 'மைக் வேலை செய்யலை'ன்னு நம்மகிட்ட நூறு வாக்கியம் இருக்கு. ஒண்ணுல கூட 'நான்' இருக்காது. அடுத்த தடவை ஒரு டீமுக்குத் தலைமை ஏத்துக்கும்போது, வெற்றி விழா ஸ்பீச்சை அப்புறம் யோசிக்கலாம். முதலில் தோல்விக்கான அந்த நாலு வரியை எழுதிப் பாருங்க. பேனா 'நான்'னு எழுதத் தயங்கலைன்னா... தலைவரே, நீங்க ரெடி!