விடுபட்டது ஒன்று, போனது 46 கோடி டாலர்!

அமெரிக்காவில் 'நைட் கேப்பிடல்' என்று ஒரு பெரிய கம்பெனி இருந்தது. பங்குகளை வாங்கி விற்பது அதன் தொழில். இந்த வேலையை 8 கம்ப்யூட்டர்கள் செய்துவந்தன.

2012-ம் ஆண்டு ஜூலை கடைசியில் அவற்றில் புதிய கட்டளைகள் ஏற்றப்பட்டன. 7 கம்ப்யூட்டர்களில் ஏறின. எட்டாவதை ஊழியர் விட்டுவிட்டார். சரிபார்க்க இன்னொருவர் இல்லை.

ஆகஸ்டு 1-ந் தேதி காலை பங்கு மார்க்கெட் திறந்தது. எட்டாவது கம்ப்யூட்டரில், 2003-ம் ஆண்டோடு கைவிடப்பட்ட பழைய கட்டளை விழித்துக்கொண்டது! வேண்டாத பங்குகளை வாங்கிக் குவித்தது.

45 நிமிடத்தில் 40 லட்சம் பேரங்கள். நஷ்டம், 46 கோடி டாலர்! மறு ஆண்டே கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்தது.

குற்றம் யாருடையது?

ஊழியர் மீது மட்டும் பழி போடலாமா? கூடாது. மனிதனுக்கு மறதி உண்டு. அதற்கு இடம் கொடுத்த ஏற்பாடே தவறு.

இன்று பல கம்பெனிகள் இந்த வேலையை யந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டன. செய்ய வேண்டியதை ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். 8 கம்ப்யூட்டர் ஆனாலும், 800 ஆனாலும் ஒன்றுபோல் ஏற்றிவிடும். ஒன்று விடுபட்டாலும் உடனே எச்சரிக்கும். நாள் கணக்கில் இழுத்த வேலை நிமிடத்தில் முடிகிறது. நேரம் மிச்சம், பணமும் மிச்சம்.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. எழுதிவைத்ததே தப்பானால், அந்தத் தப்பும் எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஆகவே முதலில் ஒன்றில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். பிறகுதான் மற்றவை.

யந்திரம் மறக்காது. ஆனால் யோசிக்க மனிதன்தான் வேண்டும்.