புது ஆன்டிபயாடிக் வந்தாச்சு... எந்தக் கிருமியை அடிக்கும்?

சிறுநீர்த் தொற்றுக்கு கல்ச்சர் டெஸ்ட் எடுத்தால், ரிப்போர்ட்டில் ஆன்டிபயாடிக் பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. வரிசை முழுக்க ‘ஆர்’ வந்தால்?

இதில் வில்லன் வெளியாள் இல்லை. நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள்தான். அங்கேயே இருக்கும்வரை பெரும்பாலும் சாது. சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால் சிக்கல். இவற்றில் சில, ‘இஎஸ்பிஎல்’ என்சைமை வைத்து செஃபலோஸ்போரின் மருந்துகளை வெட்டிப் போட்டுவிடும். அப்போது டாக்டர்கள் கையில் எடுப்பது கார்பபெனெம். அதையும் வெட்டுவது ‘என்டிஎம்’ என்சைம். என் என்பது நியூ, டி என்பது டெல்லி. (இந்தப் பெயருக்கு இந்தியாவில் கிளம்பிய எதிர்ப்பு தனிக்கதை.) 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இது இருந்தது.

புது மருந்தும் சென்னையிலிருந்தே வந்தது. ஆர்க்கிட் பார்மா கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிம் என்ற பழைய மருந்துக்கு பாடிகார்டு மாதிரி. இந்த ஜோடிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. சிக்கலான சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 79.1 சதவீதம் பேருக்குப் பலன். ஒப்பிட்ட வழக்கமான மருந்தில் 58.9 சதவீதம்தான். சூப்பர்தான். ஆனால் இந்த பாடிகார்டு தடுப்பது இஎஸ்பிஎல்-ஐ. என்டிஎம்-ஐ தடுக்காது. ‘சூப்பர்பக்குக்கு மருந்து ரெடி’ என்ற தலைப்புகளில் விட்டுப்போகும் வரி இதுதான்.

என்டிஎம்-க்கு ரூட்டே வேற. அஸ்ட்ரியோனாமை என்டிஎம் வெட்டாது. ஆனால் அதே கிருமியில் கூடவே இருக்கும் இஎஸ்பிஎல் வெட்டிவிடும். அந்த இஎஸ்பிஎல்-ஐ அவிபாக்டம் பார்த்துக்கொள்ளும். தனித்தனியாக டெஸ்ட் செய்தால் அஸ்ட்ரியோனாமுக்கு ‘ஆர்’, செஃப்டாசிடிம்-அவிபாக்டத்துக்கும் ‘ஆர்’. சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கிருமி பூசிய தட்டில் இரண்டு மருந்து வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். நடுவில் கிருமி வளராத இடம் விரிந்தால், ஜோடி வேலை செய்யும் என்பதற்கான அறிகுறி.

பிசிஆர் எந்த என்சைமின் மரபணு என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லும். எந்த மருந்து அடக்கும் என்பதற்கு கல்ச்சரை இரண்டு மூன்று நாள் வளர்க்கணும். ரத்தத்தில் தொற்று ஏறிய நோயாளியிடம் அவ்வளவு நேரம் இல்லை. அதனால் டாக்டர் முதல் ஊசியைக் கணிப்பில்தான் போடுவார். முடிந்தவரை அந்த முதல் டோஸுக்கு முன்னாடியே மாதிரி எடுத்துவிடணும். மெடிக்கலில் நாமே வாங்கிய இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால், தட்டில் கிருமி வளராமலே போகலாம்.