வார்டு எல்லையை வளைத்து ஓட்டுரிமையைப் பறிக்காதே!

ஏழையின் ஓட்டுரிமையைப் பறிக்கப் பல வழிகள் உண்டு. ஓட்டர் ஜாபிதாவில் பெயரை விட்டுவிடுவது ஒரு வழி. சாவடிக்குப் போகவொட்டாமல் மிரட்டுவது மற்றொரு வழி. இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரிபவை, ஜனங்கள் கொதித்தெழுவார்கள். மூன்றாவது வழி ஓசைப்படாமல் நடப்பது. பெயர் ஜாபிதாவில் இருக்கும், ஓட்டும் போடலாம், ஆனால் அந்த ஓட்டுக்குப் பலன் இராது. வார்டு எல்லையை வளைப்பதே அந்த வழி.

"வார்டு பிரிப்பது ஆபீஸ் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் இருந்துவிடக் கூடாது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஊரில் 3,000 ஓட்டு, மூன்று வார்டு, வார்டுக்கு 1,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். கூலி உழைப்பாளர் குடியிருக்கும் காலனியில் 600 ஓட்டு. காலனி முழுவதும் ஒரே வார்டில் இருந்தால், அவர்கள் ஒன்றுபட்டு நிறுத்துகிறவர் ஜெயிப்பார். அதே காலனியை 200, 200, 200 என்று அறுத்து மூன்று வார்டிலும் சேர்த்துவிட்டால்? மூன்றிலும் அவர்கள் சிறுபான்மை. ஒரு ஓட்டுகூடத் திருடப்படவில்லை. ஆனால் 600 ஓட்டும் வீணாயிற்று!

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. காலனியில் 1,200 ஓட்டு இருந்தால் இரண்டு வார்டுகளில் ஜெயிக்கலாம். அதில் ஆயிரத்தை ஒரே வார்டில் அடைத்து, மிச்சம் இருநூறை அடுத்த வார்டில் தள்ளினால், கிடைப்பது ஒரு இடந்தான். குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு, விளக்கு எந்தச் சந்துக்கு, சுடுகாட்டுப் பாதை யாருக்கு என்பதையெல்லாம் அப்புறம் மேல்தெருவே தீர்மானிக்கும்.

பஞ்சாயத்து நாற்காலியில் உழைப்பாளி அமர்வதை ஆதிக்கக்காரர்கள் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்பதை மதுரை மாவட்டம் காட்டியது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலிலும் தலித் தலைவர் பதவியேற்று நிலைக்க 2006 வரை 10 ஆண்டு போராட வேண்டியிருந்தது. அரிவாளால் மறிக்க முடியாததைப் பென்சில் கோட்டால் மறிக்கலாமே என்று எண்ணுவோர் இனி இருக்க மாட்டார்களா?

இது நமது நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்ற நகரம். சதுரமாக இருந்த அதன் எல்லையை 1957ல் மாகாணச் சட்டசபை 28 பக்கங்கொண்ட கோணல் வடிவமாக மாற்றிற்று. சுமார் 400 கறுப்பின ஓட்டர்களில் நாலைந்து பேர் தவிர அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை! கறுப்பின மக்கள் அடங்கிப் போகவில்லை. வெள்ளை வியாபாரிகளின் கடைகளைப் பகிஷ்கரித்தனர். ஆசிரியர் கோமிலியன் முதலானோர் வழக்குத் தொடுத்தனர். கீழ்க் கோர்ட்டுகள் கைவிரித்தன. குற்றச்சாட்டு மெய்யானால் இச்சட்டம் செல்லாது என்று 1960 நவம்பரில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கடை வீதியில் ஒற்றுமை, கோர்ட்டில் கணக்கு—இரண்டும் சேர்ந்தே வென்றன.

வார்டு எல்லையைத் திருத்தவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஜனத்தொகை மாறினால் எல்லையும் மாற வேண்டியதுதான். சம அளவான தொகுதிகள் வேண்டுமென்பது உழைப்பாளர் எழுப்பிய கோரிக்கையே. 1838ல் இங்கிலாந்துத் தொழிலாளரின் சாசன இயக்கம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. நாம் கேட்பது இதுதான்: யாருடைய சௌகரியத்துக்காக எல்லை மாறுகிறது?

இன்னொரு மோசடியையும் கவனிக்க வேண்டும். எல்லைத் திருத்தத்தைச் சாக்கிட்டுத் தேர்தலையே தள்ளிப்போடுவது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டுமென்பது அரசியல் சட்டம். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. தனி அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 2017ல் எல்லைத் திருத்தக் கமிஷனுக்குச் சட்டம் வந்தது. 27 மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல். மாவட்டங்களைப் பிரித்த குழப்பத்தால் எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19ல்தான் விமோசனம். அந்த 27 மாவட்டப் பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்ததும் மறுபடியும் தனி அதிகாரிகளே வந்தனர். தவறான எல்லையையும் எதிர்ப்போம். தேர்தலை ஒத்திப்போடுவதையும் எதிர்ப்போம்.

கிராமப் பஞ்சாயத்தை நகரத்தோடு சேர்ப்பதும் எல்லை மாற்றமே. 2011ல் கோவை மாநகராட்சி விரிந்தபோது குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகரசபைகள் அதில் கலந்தன. 72 வார்டுகள் 100 ஆயின. கிராமம் நகரமானால் கிராம சபை போகும். ஊரக வேலைத் திட்டத்தின் கூலியும் போகும். வயற்காட்டை நம்பியிருப்பவளைக் கேட்காமல் இதைச் செய்வது எந்த ஜனநாயகம்?

தோழர்களே! ஒரு விஷயத்தை மறவாதீர்கள். எல்லை வகுக்கும் சட்டத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்பதற்கு அரசியல் சட்டத்தின் 243-ஓ, 243-இசட்.ஜி. பிரிவுகள் தடை போட்டிருக்கின்றன. ஆகவே நகல் வெளியாகி ஆட்சேபணை கேட்கும் அந்தச் சில நாட்களே நமது பிரதான ஆயுதம். அது கடந்தபின் புலம்பிப் பயனில்லை.

நகல் வெளியானதும் தெருத் தெருவாகக் கூடுங்கள். எந்த வீடு எந்த வார்டில் போயிற்று என்று பாருங்கள். ஜனத்தொகைக் கணக்கை எடுத்து வார்டுக்கு வார்டு ஒப்பிடுங்கள். காலனி, ஆலை லைன், சேரி எதுவும் துண்டாடப்பட்டிருக்கிறதா? ஓடை, ரஸ்தா, ரயில்பாதை என்ற இயற்கையான எல்லையை விட்டுக் கோடு வளைகிறதா? தனி வார்டு ஜனத்தொகைக்குத் தக்கபடி ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இவற்றைப் படத்தோடும் கணக்கோடும் மனுவாக எழுதி, நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு, திரளாகச் சென்று கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

சர்க்காரிடம் நாம் வற்புறுத்துவது இவைதான்: நகலை ஒவ்வொரு தெருவிலும் தமிழில் ஒட்டு. ஆட்சேபணைக்குப் போதிய அவகாசம் கொடு. ஊரிலேயே பகிரங்க விசாரணை நடத்து. ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் காட்டிப் பதில் சொல். தேர்தலைக் காலத்தில் நடத்து!

நிலத்தின் எல்லைக் கல்லை ஒரு சாண் நகர்த்தினால் விவசாயி விடுவானா? வார்டின் எல்லைக் கல்லையும் அப்படியே காப்போம்!