குடும்பம் ஒன்று, கெடு நாள்கள் நான்கு

வைப்புத்தொகையின் முதிர்வு நாளை மறந்தவர் வட்டியில் சிறிது இழப்பார். காப்பீட்டுத் தவணையை மறந்தவர் தாமதக் கட்டணம் செலுத்துவார். அயல்நாட்டில் குடும்பத்துடன் வாழ்பவர் தங்கும் அனுமதி முடிவடையும் நாளை மறந்துவிட்டால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. வேலை, பிள்ளைகளின் படிப்பு, வாடகை ஒப்பந்தம், மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையும் உரிமை ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாளைச் சார்ந்தே நிற்கின்றன.

இவ்வாறு கெடு தவறுவோர் எல்லாரும் சட்டத்தை ஏய்க்க நினைப்பவர்கள் அல்லர். ஒழுங்காக வரி செலுத்தி, நிரந்தர வேலையில் இருந்து, மாதந்தோறும் தாயகத்துக்குப் பணம் அனுப்பிவரும் குடும்பங்களிலும் இது நிகழ்கிறது. அறியாமல் நிகழ்ந்த இத்தவறு தெரியவந்தவுடன் குடும்பத்தில் எழும் முதல் எண்ணம், வெளியில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்பதே. அந்த எண்ணமே பெருங்கேடு என்பது என் கருத்து. கெடு தவறியதற்குச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதை மறைத்ததற்கு அத்தகைய அளவு இல்லை.

தவறு எங்கே தொடங்குகிறது

நம்மவர் மிகுதியாக வாழும் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவில் காணும் தேதி, அந்நாட்டின் வாயிலுக்குச் சென்று நுழைவு கேட்பதற்கான கெடு மட்டுமே. நுழைந்தபின் எந்நாள் வரை தங்கலாம் என்பதை ஐ-94 எனும் வருகைப் பதிவு தீர்மானிக்கிறது. 2013 முதல் விமானத்தில் வருவோர்க்கு இப்பதிவு மின்னணு முறையில் வைக்கப்படுகிறது. கையில் அட்டை எதுவும் தரப்படுவதில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தால்தான் தெரியும். விசாவிலுள்ள தேதியையே தங்கும் கெடு என்று எண்ணியிருப்போர் முதற்பிழை செய்வது இங்கேதான்.

இரண்டாவது பிழை பிள்ளைகளின் கடவுச்சீட்டில் ஒளிந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் செல்லும். சிறுவர்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுகளே. எச்-1பி அனுமதியில் பணிபுரியும் ஒருவர், மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் விடுமுறைக்கு இந்தியா வந்து திரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய பணி அனுமதிக்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் உள்ளன. இளைய மகளின் கடவுச்சீட்டு எட்டு மாதங்களில் முடிகிறது. விமான நிலைய அதிகாரி மற்ற மூவருக்கும் முழுக் காலத்தையும் தந்து, மகளுக்கு மட்டும் கடவுச்சீட்டு முடியும் நாளோடு நிறுத்திவிடுவது உண்டு. பின்னர்ப் பெற்றோர் துணைத் தூதரகத்தில் அவளுக்குப் புதிய கடவுச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். ஐ-94 அதனால் தானாக நீள்வதில்லை. எட்டு மாதங்கள் கழிந்தபின், அந்தச் சிறுமி பள்ளிக்குச் சென்றுகொண்டிருக்கும்போதே கெடு தவறியவளாகிவிடுகிறாள்.

மூன்றாவது பிழை நிறுவனத்தின் வழியே வருகிறது. பணியாளரின் அனுமதியை நீட்டிக்க நிறுவனம் மனுச் செய்கிறது. அம்மனு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. அவர்களுக்கு ஐ-539 எனும் தனிப் படிவம் வேண்டும். நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர் பணியாளரின் ஒப்புதல் கடிதத்தை அனுப்பியவுடன், எல்லாருக்கும் வேலை முடிந்தது என்று குடும்பம் நம்பிவிடுகிறது.

மூன்று பிழைகளுக்கும் வேர் ஒன்றே. நாம் குடும்பத்தை ஓர் அலகாகக் காண்கிறோம். குடிநுழைவுச் சட்டம் ஒவ்வொரு தலையையும் தனித்தனியே எண்ணுகிறது.

நாள் கணக்கு

கெடு தவறியது தெரிந்தவுடன் முதலில் செய்யவேண்டியது எண்ணுவது. எத்தனை நாள் கடந்துள்ளது? யாருக்குக் கடந்துள்ளது? அமெரிக்கச் சட்டத்தில் 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி 180 நாள்களுக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகள் திரும்ப இயலாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் தடை பத்து ஆண்டுகள். பதினெட்டு வயது நிறையாதவர்க்கு இந்த நாள் கணக்கு ஓடுவதில்லை. ஆகவே மேற்சொன்ன சிறுமிக்கு இத்தடைகள் நேராது. தாய்க்கு அதே நிலை நேர்ந்தால், கணக்கு முதல் நாளிலிருந்தே ஓடத் தொடங்கும்.

பதறிப்போய் விமானம் ஏறுவது எல்லார்க்கும் பொருந்தும் தீர்வன்று. ஓரிரு வாரமே கடந்திருந்தால் வெளியேறிப் புதிய விசா பெற்றுத் திரும்புவது பலருக்கு எளிய வழி. 180 நாளைக் கடந்தவர்க்கோ, தடையைத் தொடங்கிவைப்பதே அந்த வெளியேற்றம்தான். அண்டை நாடான கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு நாள் சென்று திரும்பினால் தேதி புதுப்பிக்கப்படும் என்று நண்பர்கள் சொல்லும் யோசனையும் இத்தகையதே. கெடு முடிவதற்கு முன்பு செய்தால் அது முறையான வழியாகலாம். கெடு தவறியபின் கடவுச்சீட்டிலுள்ள விசா, அதில் இன்னும் பல ஆண்டுகள் எஞ்சியிருந்தாலும், பொதுவாகச் செல்லாததாகிவிடுகிறது. புதிய விசாவுக்குச் சொந்த நாட்டுக்கே வரவேண்டியிருக்கும். எல்லையைத் தாண்டியபின் இதை அறிபவரின் குடும்பம் இரு நாடுகளில் பிரிந்து நிற்கும்.

நாட்டுக்குள்ளிருந்தே சரிசெய்யவும் ஒரு வழி உண்டு. தாமதமாக அளிக்கும் நீட்டிப்பு மனுவை ஏற்கும் அதிகாரம் குடிநுழைவுத் துறைக்கு இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழ்நிலை என்றும், தாமதத்தின் அளவு அக்காரணத்துக்கு ஏற்றதே என்றும், வேறெந்த விதியையும் மீறவில்லை என்றும் விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை. மறந்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதாது. நிறுவனத்துடனும் வழக்கறிஞருடனும் நடந்த கடிதப் போக்குவரத்து, கடவுச்சீட்டு புதுப்பித்த சான்று, பயணச்சீட்டுகள், தவறு தெரியவந்த நாளுக்கான ஆதாரம் ஆகியவற்றை நாள்வரிசையில் அடுக்கித் தரவேண்டும். தவறு தெரிந்தபின் எத்தனை நாளில் மனுச் செய்தோம் என்பதே நல்லெண்ணத்துக்கு முதற்சான்றாகும்.

ஒன்றைக் கவனத்தில் கொள்க. கெடுவுக்குள் அளித்த நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும்வரை நாள் கணக்கு ஓடாது. தாமதமாக அளித்த மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முடிவு வரட்டும் என்று காத்திருக்கையில் 180-ஆவது நாள் கடந்துவிடக்கூடும். கெடு தவறியவர் பணியாளரே என்றால், வேலையைத் தொடரலாமா என்பதையே வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டும்.

மறைப்பதன் விலை

அமைதியாக இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்போர் உண்டு. வருகையும் புறப்பாடும் மின்னணுப் பதிவில் உள்ளன. அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில், அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதேனும் தங்கியதுண்டா என்ற கேள்வி நேரடியாகவே கேட்கப்படுகிறது. அங்கே ‘இல்லை’ என்று எழுதுவது தவறான தகவல் தந்து விசா பெற முயன்ற குற்றமாகக் கருதப்படலாம். அவ்வாறு முடிவு செய்யப்பட்டால் ஏற்படும் தடைக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. சிறப்பு விலக்குப் பெற்றாலன்றி அது வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேல் கெடு தவறியவருக்குத் தடை பத்தாண்டு. ஒரு மாதமே தவறியவர் அதை மறைத்துப் பொய் எழுதினால், அவருடைய நிலை முன்னவரைவிடக் கீழே போய்விடக்கூடும். சிறு கடனை மறைக்கப் பொய்க் கணக்கு எழுதுபவரின் நிலையை ஒத்தது இது.

வளைகுடாவில்

ஐக்கிய அரபு அமீரகத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே மனைவி மக்களின் வசிப்பிட அனுமதி குடும்பத் தலைவரின் பொறுப்பாளர் நிலையைச் சார்ந்தது. அவர் வேலை மாறி, பழைய அனுமதி நீக்கப்படும்போது, குடும்பத்தினரின் அனுமதியும் கேள்விக்குள்ளாகிறது. அங்கே பிறந்த குழந்தைக்கு 120 நாள்களுக்குள் வசிப்பிட அனுமதி பெற்றாக வேண்டும். பேறுகால அலைச்சலில், பிறப்புச் சான்றுக்கும் கடவுச்சீட்டுக்கும் ஓடும் பெற்றோர்க்கு இந்த நான்கு மாதமும் விரைவில் கழிந்துவிடும்.

கெடு கடந்தால் தண்டத்தொகை நாளொன்றுக்கு ஒருவருக்கு 50 திர்ஹம். சிறு தொகையாகத் தோன்றும். நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200. முப்பது நாளில் 6,000. வேலையிழந்தவரால் கட்ட இயலாமல் தொகை வளர, வளர்ந்த தொகையைக் கண்டு அஞ்சி அலுவலகப் பக்கமே போகாமல் ஒளிந்து வாழும் நிலை உருவாகிறது. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொதுமன்னிப்பு அளித்து, தண்டத்தை நீக்கி, மறுநுழைவுத் தடையின்றி வெளியேறவும் நிலையை முறைப்படுத்திக்கொள்ளவும் வாய்ப்பளித்தது. இந்தியத் தூதரக அலுவலகங்களும் உதவி மையம் அமைத்தன. எனினும் பொதுமன்னிப்பு எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. அதை நம்பித் தண்டத்தை வளரவிடுவது, கடன் தள்ளுபடி வரும் என்று எண்ணித் தவணை கட்டாமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

பணியாளரின் பிழையால் அன்றி, பொறுப்பாளரின் பிழையால் கெடு தவறியவர்க்கு இந்தியத் தூதரகங்கள் நிர்வகிக்கும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தண்டத்தொகைக்கு உதவி கிடைக்க வழியுண்டு. 2009-இல் தொடங்கப்பட்ட இந்நிதியைப் பற்றி அறியாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் ஒருமுறை தூதரகத்தின் வாயிலை நாடிப் பார்க்க வேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

எல்லாப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது முறையன்று. அயல்நாட்டுக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் நிறுவனம், அவர் தனியாக வாழப் போவதில்லை என்பதை அறிந்தே அழைக்கிறது. அவருடைய கெடுவைக் கணினியில் பதிந்து நினைவூட்டும் நிறுவனத்துக்கு, மனைவி மக்களின் தேதிகளையும் அதே பக்கத்தில் பதிவது கூடுதல் செலவன்று. வழக்கறிஞரும், தாம் பார்ப்பது பணியாளரின் மனுவை மட்டுமே என்றால், அதை முதற்கடிதத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். எழுதாதபோது பணியாளர் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நல்லது.

வங்கிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே கருதுகிறேன். வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளுக்காக விசா, வசிப்பிட அனுமதி ஆகியவற்றின் நகல்களை வாங்கி வைத்திருக்கிறோம். வாடிக்கையாளரின் ஒப்புதலுடன், ஆவணம் காலாவதியாவதற்குச் சில மாதங்கள் முன்பே ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது அரிதான பணியன்று. முதிர்வு நாளை நினைவூட்டும் வங்கி இதையும் நினைவூட்டலாம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்லத் தகும். கெடு தவறிய குடும்பத்துக்கு வழக்கறிஞர் கட்டணம், மனுக் கட்டணம், திடீர்ப் பயணச்சீட்டு, சில மாதங்கள் இரு நாடுகளில் இரு குடித்தனம் என்று செலவுகள் ஒருங்கே வரும். சேமிப்பு முழுவதையும் வீட்டுமனையிலும் நீண்டகால வைப்பிலும் பூட்டிவிட்டவர், கையில் பணமின்மையால் மனுவைத் தள்ளிப்போடுவார். ஒவ்வொரு நாள் தாமதமும் கணக்கில் ஏறும். மூன்று மாதக் குடும்பச் செலவையேனும் உடனே எடுக்கத்தக்க கணக்கில் வைத்திருப்பது, அயல்நாட்டில் வாழ்வோர்க்கு இன்றியமையாதது.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் இவ்விதழை மூடுமுன் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் வரையுங்கள்: பெயர், கடவுச்சீட்டு முடியும் நாள், விசா முடியும் நாள், தங்கும் அனுமதி முடியும் நாள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒரு வரி. ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்குப் பின்னும் அதைத் திருத்துங்கள். தாயகத்தில் இருக்கும் பெற்றோர், பிள்ளைகள் அடுத்த முறை தொலைபேசியில் அழைக்கும்போது இத்தேதிகளைக் கேளுங்கள். ஏதேனும் ஒரு கட்டத்தில் கடந்துபோன தேதி தென்பட்டால், அன்றே தகுதியுள்ள குடிநுழைவு வழக்கறிஞரையோ தூதரகத்தையோ அணுகி உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.